அந்த நாடகத்துக்கு ஒரு டிக்கெட்

நண்பர் ஒருவரின் மகள். வேலை சாஃப்ட்வேர் கம்பெனியில். மனசு முழுக்க நாடகத்தில். சனி, ஞாயிறு என்றால் ஏதாவது ஓர் ஒத்திகையில் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். சென்னையில் ஒரு குழு, புது நாடகத்துக்கு நடிகர்கள் தேவை என்று அறிவித்தது. மூன்று வாரம் கண்ணாடி முன்னால் நின்று வசனம் பேசிப் பார்த்தாள். ஆபீஸ் லிஃப்ட்டில்கூட உதடு அசைந்துகொண்டே இருந்ததாம்.

ஆடிஷன் நாலே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ''தேங்க்ஸ்மா, சொல்லி அனுப்பறோம்'' என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பத்து நாள் கழித்து, தேர்வானவர்கள் சிரித்தபடி நிற்கும் போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் அவள் இல்லை.

என்னைப் பார்க்க வந்தவள், வைத்த காபியைத் தொடவே இல்லை. ''ஆபீஸ்ல நான் எழுதற புரோகிராமைத் தப்புன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை திருப்பி அனுப்பறாங்க அங்கிள். ஒரு நிமிஷம் எரிச்சல் வரும். திருத்திக் குடுத்துட்டு சாப்பிடப் போயிடுவேன். இது மட்டும் ஏன் இப்படி வலிக்குது?''

நியாயமான கேள்வி. நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

தச்சர் செய்த நாற்காலியைப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது நாற்காலி. எழுதி அனுப்பிய கதை திரும்பி வந்தால், திரும்பி வந்தது காகிதம். நடிக்க வந்தவருக்கு அப்படி நாற்காலியும் இல்லை, காகிதமும் இல்லை. முகம் அவருடையது. குரல் அவருடையது. உயரம், நிறம், நடை எல்லாமே அவருடையது. 'வேண்டாம்' என்ற சொல் வந்து விழ நடுவில் வேறு பொருளே கிடையாது. நேராக ஆள் மேலேயே விழுகிறது. வலிக்கத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் கொடுப்பதற்கென்றே நம் எல்லோரிடமும் ஒரு மாத்திரை இருக்கும். ''அமிதாப் பச்சனையே ரேடியோவுல வேணாம்னு அனுப்பிச்சாங்க, தெரியுமா?'' உண்மைதான். ஆல் இந்தியா ரேடியோ வேண்டாம் என்ற அந்தக் குரல்தான், 1977-ல் சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' படத்தில் கதை சொன்னது. எனக்கும் அதைச் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஏனென்றால், அந்தக் கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. பின்னால் ஜெயித்ததால்தான் முன்னால் தோற்றதற்கு அங்கே மரியாதை! அதேபோலத் திருப்பி அனுப்பப்பட்டு, அப்புறம் எங்குமே குரல் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு நம்மிடம் என்ன மாத்திரை இருக்கிறது? நாளைக்கு ஜெயித்தால்தான் இன்றைக்கு நிம்மதி என்றால், அதற்குப் பெயர் ஆறுதல் இல்லை. கடன். அதுவும் திரும்பி வருமா என்று தெரியாத கடன்.

அதனால் அவளிடம் வேறொரு கதை சொன்னேன்.

1974 ஜனவரியில் நியூயார்க்கில் நடனக் கலைஞர்கள் சிலர் ஓர் அறையில் கூடினார்கள். பெரிய நட்சத்திரங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று ஆடுகிறவர்கள். டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, விடிய விடியத் தங்கள் வாழ்க்கையைப் பேசினார்கள். ஏன் ஆட வந்தோம், எங்கே அவமானப்பட்டோம், வீட்டில் என்ன சொன்னார்கள்... எல்லாம். அந்தப் பேச்சுகளை வைத்து மைக்கேல் பென்னட் என்ற இயக்குநர் உருவாக்கியதுதான் 'எ கோரஸ் லைன்'. கதையே ஓர் ஆடிஷன்தான். 1975-ல் பிராட்வேக்கு வந்து, 1990 வரை 6,137 முறை மேடையேறியது.

விஷயம் அது இல்லை. டேப்பில் மனசைத் திறந்து கொட்டியவர்கள் எல்லோருக்கும் அந்த மேடையில் இடம் கிடைக்கவில்லை. முதல் நடிகர் குழுவில் இருந்தவர்கள் அவர்களில் 8 பேர்தான். தன் வாழ்க்கையிலிருந்து எடுத்த வேடத்துக்கே ஆடிஷன் கொடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு.

நினைத்துப் பாருங்கள். என் கதையைச் சொல்ல நானே போதவில்லை!

முதலில் கேட்கும்போது கொடுமையாகத்தான் தோன்றும். எனக்கோ அதற்குள் ஒரு விடுதலை தெரிந்தது. தேர்வு செய்கிறவர் 'நீ யார்' என்று தீர்ப்பு எழுத உட்காரவில்லை. இந்த மேடைக்கு, இந்தக் கதைக்கு, பக்கத்தில் நிற்கும் இன்னொரு முகத்துக்கு எது சேரும் என்று தேடிக்கொண்டிருக்கிறார். ஒருவரின் சொந்தக் கதையே இன்னொருவருக்குச் சேர்கிறது என்றால், 'நீ இல்லை' என்ற சொல்லை வாழ்க்கை மொத்தத்துக்குமான மதிப்பெண்ணாக எப்படி எடுத்துக்கொள்வது?

சரி, இதையே சாக்காக வைத்துத் தப்பித்துவிடவும் கூடாது. சரியாக நடிக்காததால்கூட வேண்டாம் என்றிருக்கலாம் இல்லையா? ''போய்க் கேட்டுப் பார்'' என்றேன். முகம் சுருங்கியது. ஆனாலும் போய்க் கேட்டிருக்கிறாள். இயக்குநர் மழுப்பவில்லை. ''குரல் நல்லா இருக்கும்மா. ஆனா எதிர்ல நின்னவர் பேசினப்ப நீ கேக்கவே இல்ல. உன் வசனம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தே'' என்றாராம்.

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. நானும் பாதி நேரம் அப்படித்தானே? அடுத்தவர் பேசி முடிக்கட்டும், நம் முறை வரட்டும் என்று காத்திருப்பதைத்தான் 'கேட்கிறேன்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். ''நாடகம் பார்க்கப் போறியா?''

''நானா? அங்கேயா?''

''உனக்குப் பிடிச்சது நாடகமா, நாடகத்துல இருக்கற நீயா?''

கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேன் என்று அப்புறம் வருத்தப்பட்டேன். பத்துப் பேர் நம்மைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமில்லை. அந்த ஆசை இல்லாமல் யாரும் மேடை ஏற மாட்டார்கள். ஆனால் அது மட்டும்தான் ஆசை என்றால், ஒரே ஒரு 'வேண்டாம்' எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும். கூடவே நாடகத்தின் மீதும் அன்பு இருந்தால், அதை எந்த இயக்குநராலும் பறிக்க முடியாது. வாசல்வரை திருப்பி அனுப்பலாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறவரை யார் தடுப்பது?

போனாள். கடைசி வரிசை. முதல் பத்து நிமிடம் தன் வசனங்களையே முணுமுணுத்துக்கொண்டு, 'இதை நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்' என்று குறை கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எப்போது நின்றது என்று தெரியவில்லை. இடைவேளைக்கு விளக்கு போட்டபோதுதான், தான் வெறுமனே நாடகம் பார்த்துக்கொண்டிருந்தது புரிந்ததாம். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், அந்த வேடத்தில் நடித்த பெண்ணின் கையைப் பிடித்து, ''நல்லா பண்ணீங்க'' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

''மனசாரச் சொன்னியா?''

''சொல்றப்போ பாதி பொய் அங்கிள். பஸ் ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ள முக்கால்வாசி நிஜமாயிடுச்சு.''

மீதிக் கால்வாசி இருக்கட்டும். மனுஷிதானே!

உங்களைச் சேர்த்துக்கொள்ளாத நாடகம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். கிடைக்காமல் போன வேலையாக இருக்கலாம், எடுத்துக்கொள்ளாத ஒரு பாட்டுக் குழுவாக இருக்கலாம். அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தியிருப்பீர்கள். அது இன்னும் எங்கேயோ நடந்துகொண்டிருந்தால், ஒரு நாள் ஒரு டிக்கெட் வாங்குங்கள். கடைசி வரிசை போதும்.