கட்டைவிரலும் சம்பளப் பட்டியலும்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிக்க வேண்டும், இரவில் கூத்து நடக்க வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து ஊர்களில் துரோணரை அறியாதவர் குறைவு. மாமல்லபுரத்தில் நிற்கும் ஐந்து ஒற்றைக்கல் ரதங்களுக்கும் பின்னாளில் வந்த மக்கள் பாண்டவர் பெயரையும் திரௌபதி பெயரையும் சூட்டினார்கள். பாண்டவருக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த துரோணர் பெயரை எந்த ரதத்துக்கும் சூட்டவில்லை. அவர் பெயர் ஏறியது அரசாங்க விருதில்தான். சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளருக்கு இந்திய அரசு தரும் துரோணாச்சாரியார் விருது 1985இல் தொடங்கியது. முதல் ஆண்டு பெற்றவர்களில் பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரும் ஒருவர். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய ஆசிரியரின் பெயரை விருதுக்கு வைக்கலாமா என்று அன்றுமுதல் பலர் கேட்டு வருகிறார்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. துரோணர் ஏன் அப்படிக் கேட்கும் நிலைக்கு வந்தார்? கற்பிப்பவரின் கூலி என்பது என்ன, அதை யார் தர வேண்டும்? என் பதில் இது: ஆசிரியரின் கூலி மாணவனின் வெற்றிக்குக் கொடுக்கும் விலையும் அல்ல, மாணவன் வைக்கும் காணிக்கையும் அல்ல, கற்பிக்கும் காலம் முழுவதும் அவரைப் பிறர் தயவில் நிறுத்தாமல் வைத்திருக்க ஒரு சமூகம் பட்டிருக்கும் கடன். அந்தக் கடனைச் சமூகம் கட்டாதபோது, மாணவன் ஏதோ ஒரு வடிவத்தில் கட்டுகிறான்.

பாரதக் கதையை வரிசைப்படி பார்த்தால் இது தெரியும். துரோணர் வறியவர். பிள்ளை அசுவத்தாமன் பால் கேட்டு அழுதபோது மற்றப் பிள்ளைகள் மாவு கரைத்த நீரைக் கொடுத்து ஏமாற்றினார்கள். அதைக் குடித்துவிட்டுப் பால் குடித்தேன் என்று அவன் ஆடினான். அந்த அவமானம் அவரைப் பழைய தோழன் துருபதனிடம் அனுப்புகிறது. துருபதன் அலட்சியமாகப் பேசித் திருப்புகிறான். அந்தக் கசப்போடு அஸ்தினாபுரம் வருகிறார். பீஷ்மர் வீடும் தானியமும் பொருளும் தந்து அரச குமாரர்களுக்கு ஆசிரியராக அமர்த்துகிறார். அரண்மனைச் சோறு உண்ணத் தொடங்கியபின் அவருடைய வித்தை அரண்மனையின் சொத்தாகிவிடுகிறது. உனக்கு நிகராக இன்னொரு மாணவன் இருக்க மாட்டான் என்று அர்ச்சுனனுக்கு வாக்குக் கொடுக்கிறார். குமாரர்களிடம் அவர் கேட்ட தட்சிணையே துருபதனைக் கட்டிக் கொண்டுவருவதுதான். தம் பழைய வறுமையின் கணக்கை மாணவர்களின் ஆயுதத்தால் தீர்த்துக்கொண்டார். குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்கும் முன் வணங்க வந்த தருமனிடம் அவரே உண்மையை ஒப்புக்கொள்கிறார்: மனிதன் பொருளுக்கு அடிமை, பொருளால் கௌரவர்கள் தம்மைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று. பீஷ்மரும் கிருபரும் சொல்வதும் இதையே. இந்தக் கிருபரையும் மறக்கக் கூடாது. குமாரர்களுக்கு முதலில் வில் கற்பித்தவர் அவர். துரோணர் வந்ததும் இரண்டாம் இடத்துக்குப் போனவர். அவர் பெயரில் விருது எதுவும் இல்லை.

ஏகலைவன் கதையைச் சம்பளக் கதையாகச் சுருக்குவது சாதியை மறைப்பதாகும் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. வேடர் குலத்துப் பிள்ளை என்பதற்காகவே துரோணர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதை வறுமையால் விளக்கிவிட முடியாது. ஆனால் சேர்த்துக்கொள்ள மறுத்தது வேறு, பின்னால் தேடிப்போய் விரலைக் கேட்டது வேறு. முன்னது பிறப்பைப் பற்றிய தீர்ப்பு. பின்னது ஓர் எசமான வீட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வேலை. ஏகலைவனிடமிருந்து அவர் எந்தக் கூலியும் பெற்றதில்லை, அவனுக்கு எதையும் கற்பிக்கவுமில்லை. இருந்தும் தட்சிணை என்ற புனிதமான பெயரில் அதைக் கேட்க முடிந்தது. அளவும் நாளும் குறிக்காத கொடுப்பினையில் உள்ள ஆபத்து இதுதான். சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. தட்சிணைக்கு வரம்பு இல்லை. கேட்பவர் மனம்போல் நீளும்.

மாமல்லபுரக் கடற்கரையின் இன்றைய நிலைக்கு வருவோம். அதற்கு வடக்கே நெம்மேலியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்தது பின்னர் அரசு கலை அறிவியல் கல்லூரியானது. இத்தகைய கல்லூரிகள் தமிழ்நாடு முழுவதும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கின்றன. தகுதியுள்ள வருகை ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுத்தது. தமிழ்நாட்டில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பெற்று வந்தது அதில் பாதியும் அதற்குக் குறைவும்தான். பள்ளி மைதானத்தின் கதை இன்னும் கூர்மையானது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 6 முதல் 8 வரையான வகுப்புகளில் உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டார்கள். அந்தத் தொகை 2021இல் 10,000 ஆகி, பின்னர் 12,500 ஆனது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவந்த குறை. மண்டல அளவில் ஓடும் பிள்ளைக்கு முதன்முதலில் விசில் ஊதியவர் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பி.டி. மாஸ்டர்தான். செங்கல்பட்டு மாவட்டத்தின் மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே அரசு ஒரு தனிப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. பட்டம் முழுநேரம்; அந்தப் பட்டத்துக்கான வேலை பகுதிநேரம்.

இங்கே வழக்கமாக எழும் முதல் எதிர்வாதம் சமயம் சார்ந்தது. குருவின் பணிக்கு விலை கிடையாது. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்பதுதானே கீதை? இந்த வாதம் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குழப்புகிறது. பயிற்சியாளரைப் பொறுத்தவரை பலன் என்பது கோப்பை, பதக்கம், தன் மாணவன் பெயர் நாளிதழில் வருவது. அவற்றில் பற்று வைக்காதே என்பது உயர்ந்த அறிவுரை. துரோணர் கேட்டிருக்க வேண்டிய அறிவுரை. ஆனால் வயிற்றுப்பாடு பலன் அல்ல, செயலுக்கு முன்நிபந்தனை. செயலின்றி உடலைக் காக்கவும் முடியாது என்று சொல்லும் அதே நூல் உடலைக் காப்பதை இழிவாகக் கருதவில்லை. நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரில் உள்ள புறநானூற்றுப் பாட்டு, ஆசிரியருக்கு இடர் வரும்போது உதவியும் மிகுந்த பொருள் தந்தும் கற்பது நல்லது என்கிறது. பாடியவன் ஓர் அரசன் என்பதால், அதை ஆட்சியின் கடமையாகவும் கொள்ளலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சேவை, தியாகம் என்ற சொற்களை ஓய்வூதியத்தோடு இருக்கும் கல்லூரி முதல்வரை நோக்கி யாரும் சொல்வதில்லை. மே மாதச் சம்பளம் கேட்பவரிடம்தான் சொல்கிறார்கள். ஏணியின் கீழ்ப்படிக்கு மட்டும் நினைவூட்டப்படும் புனிதத்தைச் சமய அறம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது எதிர்வாதம், துணை நிலையில் இருப்பவர் இன்னும் கற்றுக்கொள்பவர், அந்த அனுபவமே அவர் கூலி என்பது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு இந்த வாதத்தை நீதிமன்றம்வரை கொண்டுபோய்ச் சோதித்துவிட்டது. அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1991இல் ஒரு விதி கொண்டுவந்தது: முதல்நிலைக் கல்லூரிகளின் கூடைப்பந்துக் குழுவில் ஒரு துணைப் பயிற்சியாளரின் சம்பளம் ஆண்டுக்கு 16,000 டாலரைத் தாண்டக் கூடாது. தலைமைப் பயிற்சியாளருக்கு அப்படி எந்த உச்சவரம்பும் இல்லை. செலவைக் குறைக்கவும் புதியவர்களுக்கு வாய்ப்புத் தரவும் இந்த விதி என்றார்கள். துணைப் பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது; அந்த இடங்களில் அனுபவசாலிகளை அமர்த்தத் தடை ஏதும் இல்லாதபோது இது புதியவர்களுக்கான ஏற்பாடு என்பது நிற்காது என்பது அதன் காரணங்களில் ஒன்று. வழக்கு மறு ஆண்டு ஏறத்தாழ 5.45 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. இதில் நமக்கான பாடம் எளிது. பயிற்சிக் காலம் என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். முடிவில் ஒரு பதவி இருக்க வேண்டும். பத்தாண்டைத் தாண்டியும் தொடரும் பயிற்சிக் காலம் பெயர் மாற்றிய மலிவுக் கூலிதான்.

அப்படியானால் சந்தையிடம் விட்டுவிடலாமே என்பது மூன்றாவது வாதம். அதன் விளைவும் அதே நாட்டில் தெரிகிறது. கல்லூரிக் கால்பந்தில், அதாவது அமெரிக்கர் கையால் எறிந்து ஆடும் அந்த ஆட்டத்தில், துணைப் பயிற்சியாளர் சம்பளம் ஏறிக்கொண்டே போனது. 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் தற்காப்பு ஆட்டத்தைக் கவனிக்கும் துணைப் பயிற்சியாளர் டேவ் அராண்டாவுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டில் மைதானத்தில் எலும்பு முறியும் மாணவனுக்குக் கல்லூரி நேரடியாகச் சம்பளம் தர விதி இடம் கொடுக்கவில்லை. கல்வி உதவித்தொகையும் அதைச் சார்ந்த செலவும்தான். நீண்ட வழக்குகளுக்குப் பின் 2025 ஜூனில்தான் ஓர் உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்து, வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கே கொடுக்கும் வழி திறந்தது. மாணவன் உழைப்பில் வந்த வருவாய் மாணவனுக்குப் போகத் தடை இருந்ததால், அது ஆசிரியர் பக்கமே திரும்பி அங்கே பெருகியது. இதுவும் கட்டைவிரல்தான், கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கப்பட்டது. சந்தை ஆசிரியரை வறுமையிலிருந்து விடுவிக்கிறது என்பது உண்மை. அதே சமயம் அவர் வாழ்வை அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தின் முடிவோடு கட்டிவிடுகிறது. தோற்ற குழுவில் பல சமயம் முதலில் போவது துணைப் பயிற்சியாளர்தான். வெற்றிக்கு விற்கப்பட்ட ஆசிரியர், காயம்பட்ட மாணவனிடம் இன்று உட்கார் என்று சொல்லும் சுதந்திரத்தை இழக்கிறார். ஆசிரியர் பதவிக்கு அந்தச் சுதந்திரத்தைவிட முக்கியமான தகுதி வேறில்லை.

வெற்றிக்கு ஏற்பக் கூலி என்ற கணக்கு நடைமுறையிலும் கைகொடுக்காது என்பதற்கு மாமல்லபுரமே சான்று. 2022 ஜூலை இறுதியில் அங்கே தொடங்கிய 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் ஆர்.பி. ரமேஷ் பயிற்றுவித்த இந்திய ‘பி’ அணி வெண்கலம் வென்றது. அதன் முதல் பலகையில் ஆடிய குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்று தனிநபர் தங்கமும் பெற்றார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவர் உலகப்பட்டம் வென்ற பிறகுதான் உடன் உழைத்த துணைவர் குழுவின் பெயர்கள் வெளியே வந்தன. செஸ்ஸில் துணைவர் யார் என்பதே போட்டி முடியும்வரை ரகசியம். அவர்கள் கண்டுபிடித்த நகர்வு ஆடாமலே போகலாம், ஆடியும் தோற்கலாம். அந்த வெற்றியில் இளவயதில் கற்பித்தவருக்கு எத்தனை பங்கு, கடைசி ஆறு மாதம் உடனிருந்தவருக்கு எத்தனை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பதக்கம் வென்ற வீரரின் பரிசில் பாதி அளவு பயிற்சியாளருக்கு என்று மத்திய அரசு வைத்திருக்கும் திட்டம் நல்லதுதான். ஆனால் அது பதக்கம் வந்தபின் தரும் மரியாதை. பதக்கம் வராத ஆயிரம் பிள்ளைகளுக்கும் அதே காலை ஐந்தரை மணிக்கு யாரோ ஒருவர் மைதானத்துக்கு வருகிறார். அவருக்கு உரியது பரிசுப் பணத்தில் இல்லை.

அது எதில் இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய விடை பாலாற்றங்கரையில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்த வேதப் பள்ளி, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கு அது. ஆசிரியர்களுக்கு நெல்லும் காசும் குறிக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அறுவை செய்பவருக்கு 30 கலம். மருந்துக்கு வேர் பறிப்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று எல்லோருக்கும் அளவு எழுதியிருக்கிறது. மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். மாவு நீருக்கு ஏமாந்த பிள்ளையின் பெயரைக் கொண்ட அவருக்கு, எந்த நோயாளியின் தயவிலும் நிற்க வேண்டாதபடி நெல் அளக்கப்பட்டது. அந்தச் சமூகம் சமமானது என்று சொல்லவில்லை. பள்ளியில் யார் படித்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் ஒன்றை அவர்கள் புரிந்திருந்தார்கள்: சமயப் பணி என்பதற்காகக் கூலியைச் சொல்லாமல் விடவில்லை, சமயப் பணி என்பதற்காகவே கல்லில் வெட்டினார்கள். தலைமைக்கும் கடைநிலைக்கும் இடையே வேறுபாடு உண்டு, ஆனால் கடைநிலையும் அதே கல்லில் இருக்கிறது.

கடைசி எதிர்வாதம் பணம் இல்லை என்பது. ஆயிரக்கணக்கானோரை நிரந்தரமாக்கினால் கருவூலம் தாங்குமா? இது கணக்குக் கேள்வி, கணக்காகவே பேசலாம். படிப்படியாகச் செய்யலாம், எண்ணிக்கையைக்கூட விவாதிக்கலாம். ஆனால் உலகப்பட்டம் வென்றவருக்கு 5 கோடி ரூபாயை உடனே அறிவிக்க முடிந்த அரசுக்கு, ஒரு மே மாதத்தைப் பன்னிரண்டாவது மாதமாகக் கணக்கிடுவது பணப் பிரச்சினை மட்டும் அல்ல. குகேஷுக்குக் கொடுத்ததில் தவறில்லை. வென்றவரைக் கொண்டாடுவது ஈகை. கற்பிப்பவருக்கு மாதாமாதம் தருவது கடன். ஈகையை நிறுத்தினால் புகழ் குறையும், கடனை நிறுத்தினால் அறம் குறையும். இரண்டும் மோதும்போது கடனே முந்த வேண்டும். துரோணர் பெயரில் விருது இருக்கட்டும். அதோடு கிருபருக்கும் சம்பளப் பட்டியலில் ஒரு வரி வேண்டும்: இவ்வளவு தொகை, இந்தத் தேதியில், பன்னிரண்டு மாதமும், குழு வென்றாலும் தோற்றாலும். அந்த வரி இருக்கும் பள்ளியில், மாணவனிடம் கேட்பதற்கு ஆசிரியருக்கு எதுவும் மிச்சம் இருக்காது.