யாருடைய சொல்?

கை வழங்காத ஒருவர் கம்ப்யூட்டரை இயக்க முடியுமா? முடியும். தசை சுருங்கும்போது அதில் மிக நுண்ணிய மின்சாரம் எழுகிறது. தோலின்மேல் ஒட்டிய சிறு உலோகத் தகடு அதை உணர்ந்து யந்திரத்துக்குக் கட்டளையாகக் கொடுக்கிறது. நாவு வழங்குவோருக்குப் பேச்சைக் கேட்டே எழுதும் யந்திரங்களும் உண்டு.

பௌதிக அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் சரித்திரம் பலரும் அறிந்ததே. தசைகளை மெல்ல மெல்ல முடக்கும் நரம்பு நோய் அவருக்கு இருப்பது 1963-ல், அவருடைய 21-ம் வயதில் தெரியவந்தது. 1985-ல் உயிரைக் காக்கத் தொண்டையில் செய்த சிகிச்சையால் குரலும் போயிற்று. பின்பு கையால் ஒரு பொத்தானை அழுத்திக் கம்ப்யூட்டரில் சொற்களைத் தேர்ந்தார். கையும் ஓய்ந்தபின் கன்னத் தசையே ஏவல் கேட்டது. மூக்குக்கண்ணாடியில் பொருத்திய கருவி அந்தக் கன்னத்தின் அசைவைக் கண்டறியும். திரையில் எழுத்துக்களின்மேல் ஒரு குறி நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய இடத்தில் அவர் கன்னத்தைச் சுருக்க, அது நின்றுவிடும். 2018 மார்ச் 14-ல் இறக்கும்வரை இப்படியே உலகத்தோடு பேசினார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சில எழுத்துக்கள் சேர்ந்ததும், அவர் சொல்லக்கூடிய சொற்களை யந்திரமே ஊகித்துக் காட்டும்; அவற்றுள் ஒன்றை அவர் தேர்வார். அப்படியானால் அந்தச் சொல் யாருடையது?

13-ம் நூற்றாண்டின் தத்துவ மேதை அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதற்கு வழிகாட்டுகிறார். சித்தத்தின் செயல் இருவகை என்கிறார் அவர். சித்தம் தன்னுள்ளே கொள்ளும் விருப்பம் ஒன்று. அதன் ஏவலால் அவயவங்கள் செய்வது மற்றொன்று. அவயவங்களைப் பலவந்தமாய்த் தடுக்கலாம். உள்ளே எழும் விருப்பத்தைப் பலவந்தம் தொடாது. ஆகவே யந்திரம் எத்தனை சொற்களை நீட்டினாலும், "இதுவே" என்று அவர் இசையும்போதுதான் ஒன்று அவருடையதாகிறது. வேண்டாம் என்று மறுக்க இடமிருப்பதால் அன்றோ அந்த இசைவுக்கு மதிப்பு!

2011-ம் ஆண்டுவாக்கில் அவரால் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு சொற்களே சொல்ல முடிந்தது. யந்திரம் அதற்கும் காத்து நின்றது. நாம் காத்து நிற்கிறோமா? பக்கவாதத்தால் நாக்குக் குழறும் தகப்பனார் பாதி சொல்லுமுன் மீதியை நாமே முடித்துவிடுகிறோம். "சரிதானே, அப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் எழுந்து போகிறோம். காப்பியா, கஞ்சியா என்பதோடு இது நிற்பதில்லை. எந்த வைத்தியம் வேண்டும், வீட்டை யாருக்கு எழுதிவைப்பது என்பதையும் அவர் பேரால் நாமே தீர்மானித்துவிடுகிறோம்.

அன்பினால்தானே செய்கிறோம் என்பீர்கள். மெய்தான். ஆயினும், அவர் இசையாத சொல் அவர் சொல் ஆகாது. அதை அவர் வாயில் வைப்பது, எவ்வளவு அன்போடு வைத்தாலும், அவருக்குரியதை எடுத்துக்கொள்வதே. நோய் அவருடைய கையையும் நாவையும் முடக்கியிருக்கலாம். அவருடைய சம்மதத்தை முடக்க நமக்கு அதிகாரம் ஏது?

ஆகையால் கேளுங்கள், கேட்டபின் காத்திருங்கள். தலையசைப்போ கண்ணிமைப்போ வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அது நாம் அவருக்குச் செலுத்தவேண்டிய கடன்.