தாளின் தலைப்பில் ஒரு பெயர்

காவிரியும் குடமுருட்டியும் பாயும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில், நம் மக்களிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு. கடிதமாயினும், கலியாணப் பத்திரிகையாயினும், நெல் கணக்காயினும், தாளின் தலைப்பில் சிறு சிலுவையிட்டு, 'சே. ம. சூ.' என்று எழுதிய பின்னரே மற்றதை எழுதுவர். சேசு, மரி, சூசை என்னும் திருப்பெயர்களின் முதலெழுத்துகள் இவை. விவிலிய மொழிபெயர்ப்பில் சேசு 'இயேசு' என்றும், சூசை 'யோசேப்பு' என்றும் மாறிவிட்ட பின்னரும் இவ்வெழுத்துகள் மாறவில்லை. அயல்வீட்டு இந்துச் சகோதரர் பிள்ளையார் சுழி இடுகிறார். இசுலாமியச் சகோதரர் 786 என்று எழுதுகிறார். நல்லது தொடங்கும்போது இறைவனை முன்னிறுத்துவது இம்மண்ணின் பண்பு.

ஒருநாள் நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் வட்டிக் கணக்குச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தலைப்பில் 'சே. ம. சூ.' அதன்கீழ், நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. கடன் கொடுத்தவரும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவரே. "சாமி, இந்த வட்டிக்கு அவங்க மூணு பேரும் சாட்சியா?" என்று அவர் கேட்டார். நம்மிடம் உடனே விடை இல்லை.

திருப்பெயரைச் சுருக்கி எழுதும் வழக்கம் மிகப் பழையது. தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் கிரேக்க மொழியில் மறைநூல்களைப் படியெடுத்தபோது, கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய சொற்களை இரண்டு அல்லது மூன்று எழுத்துகளாகச் சுருக்கி, மேலே ஒரு கோடிட்டனர். மையும் இடமும் மிச்சமாகும் என்பதற்காக அன்று, வணக்கத்திற்காகவே இவ்வாறு செய்தனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் நற்கருணைப் பேழையிலும் அப்பத்திலும் காணும் 'ஐ எச் எஸ்' என்பதும் இயேசுவின் கிரேக்கப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளே. நடுவிலுள்ளது 'ஈற்றா' என்னும் கிரேக்க உயிரெழுத்து. வடிவத்தில் மட்டுமே அது 'எச்' போலத் தோன்றுகிறது.

மற்றொரு கூட்டெழுத்தின் வரலாறு நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. 'எக்ஸ்' போன்ற எழுத்தின் நடுவே 'பி' போன்ற எழுத்து நிற்கும் அடையாளம் அது. கிறிஸ்து என்னும் கிரேக்கச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் அவை. ஆனால் கிறிஸ்தவர்கள் கையாளுமுன்பே கிரேக்கர் அதனை அறிந்திருந்தனர். நூலில் சிறந்த பகுதி ஒன்றைக் கண்டால், 'பயனுள்ளது, நல்லது' எனப் பொருள்படும் 'கிரேஸ்தோன்' என்னும் சொல்லின் சுருக்கமாக அதே குறியை ஓரத்தில் இட்டனர். அக்குறி அருகிலிருந்த வரிகளுக்கு நற்சான்றாய் நின்றது.

312ஆம் ஆண்டில், மில்வியப் பாலப் போருக்கு முன்னர், பேரரசர் கான்ஸ்தந்தீன் தம் வீரரின் கேடயங்களில் கிறிஸ்துவின் அடையாளத்தை எழுதச் செய்தார் என லக்தான்சியுசு குறிப்பிடுகிறார். வெற்றியும் கிட்டியது. எனினும் 326ஆம் ஆண்டில் அதே பேரரசரின் ஆணையால் அவருடைய மகன் கிரிஸ்புசு கொல்லப்பட்டார். கேடயத்தில் எழுதப்பட்டது நெஞ்சில் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் ஆகும் போலும்.

அவரைக் குறைகூறுவது நமக்கு எளிது. நம் கணக்கேடுகளைத் திறந்து பார்ப்பது கடினம். தலைப்பில் திருப்பெயரை எழுதுபவர், 'இதன்கீழ் வருவது நல்லது' என்று சான்று தருகிறார். கூலியைக் குறைத்தெழுதிய கணக்கிற்கும், சகோதரன் மீது தொடுத்த வழக்கிற்கான குறிப்பிற்கும், நம் பங்கு இல்லத்தின் செலவேட்டிற்கும் அச்சான்று பொருந்துமா? இரண்டாம் கட்டளை நாவுக்கு மட்டும் உரியதன்று. எழுதும் கைக்கும் உரியது.

அந்த விவசாயிக்கு நாம் பின்னர் சொன்ன விடை இதுவே: "ஆம், அவர்கள் சாட்சிகள்தாம், ஆனால் வட்டிக்காரர் பக்கம் நிற்கும் சாட்சிகள் அல்லர்." கடன் கொடுத்தவரிடமும் இதனைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே நமக்குக் கடினமாயிருந்தது.

இக்கட்டுரையின் கையெழுத்துப் படியிலும் அவ்வெழுத்துகள் உள்ளன. அடுத்தமுறை அவற்றை எழுதும்போது பேனாவைச் சற்று நிறுத்துவோம். கீழே எழுதப்போவதைத் திருக்குடும்பத்தின் முன் உரக்க வாசிக்க இயலுமா எனக் கேட்டுக்கொள்வோம். இயலாதெனில், தலைப்பை அப்படியே விட்டுவிட்டுக் கீழுள்ள வரியைத் திருத்துவோம்.