எரியும் விளக்கு

பொய் சொல்ல, கேட்பதற்கு ஒரு காது வேண்டும் என்று நினைக்கிறோம். கல்லிடமோ கதவிடமோ யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் காடியிடம் சொல்லலாம். பழைய காடி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும் வேலை அது.

எக்சோஸ்ட் குழாயில் திருகப்பட்டிருக்கும் விரல் நீளச் சாதனம்தான் ஆக்சிஜன் சென்சர். 1976இல் வால்வோ காடிகளில் முதலில் வந்தது. 300 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் வாய் திறக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். பெட்ரோல் மிஞ்சினால் 0.9 பக்கம் ஏறும். இதைக் கேட்டுக்கொண்டுதான் கணினி, 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கைக் காப்பாற்றுகிறது.

பல காடிகளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சர் இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றின் நஞ்சைக் கன்வெர்ட்டர் முறித்தால் பின் சென்சர் அமைதியாக இருக்கும். முறிக்காவிட்டால் முன் சென்சரைப் போலவே ஏறி இறங்கும். அப்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஓட்டுநருக்கு இந்தப் பின் சென்சரால் பெரிய லாபம் இல்லை. அது காடிக்கு வெளியே இருப்பவர்களுக்காக நிறுத்தப்பட்ட சாட்சி.

சாட்சி உண்மையே சொன்னாலும் தீர்ப்பு தவறலாம். குறுகிய தூரமே ஓடும் காடியில் புகையின் நீராவி குழாய்க்குள் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். முன் சென்சருக்கு முன்னால் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சர் அந்த ஆக்சிஜனைத்தான் சொல்கிறது. கணினியோ பெட்ரோல் குறைவு என்று நம்பி மேலும் ஊற்றுகிறது. நாம் சென்சர் கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கி மாட்டுகிறோம். புதுசும் அதையேதான் சொல்லும். அதனால் முதலில் குழாயைப் பார், பிறகு சென்சரைச் சந்தேகப்படு என்பது பொறியியல் ஒழுங்கு. கெட்ட செய்தி கொண்டுவந்தவனை முதலில் அடிக்காதே என்பதும் அதுதான்.

நண்பனின் 18 வயதுக் காடியைப் பார்த்த போர்மேன் சொன்னார்: "கொழா, சென்சர், கன்வெர்ட்டர் எல்லாம் புதுசுன்னா காடி வெலையத் தாண்டிரும் தம்பி. பின் சென்சருக்கு ஒரு துண்டு வச்சுத் தூக்கி விட்டா போதும். லைட்டு வராது."

அந்தத் துண்டு சென்சரைப் புகையின் ஓட்டத்திலிருந்து விலக்கி வைக்கும். செத்த கன்வெர்ட்டரும் நல்லதாகத் தெரியும். நண்பன் கேட்டான், "இதுல யாருண்ணே ஏமாறுறா? காடிதானே?"

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில் 3 வயதான காடி 2 ஆண்டுக்கு ஒருமுறையும் 10 வயதைத் தாண்டியது ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். மலேசியாவில் சொந்தக் காடிக்கு அப்படி ஆண்டுச் சோதனை கிடையாது. கேட்க ஆளில்லாத இடத்தில் பொய் ஏது? அதோடு, 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவர், பேருந்து ஒழுங்காக வராத தாமானிலிருந்து காடியில்லாமல் எப்படி வேலைக்குப் போவார்? அவரிடம் சுற்றுச்சூழல் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

ஆனால் ஏமாறுவது காடியல்ல. காடிக்கு நம்பிக்கை எதுவும் கிடையாது. அந்த விளக்கை நம்பி நாளை காடியை வாங்கப்போகிறவர் ஏமாறுகிறார். சிக்னலில் நம் பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர் மூச்சு விடுகிறார். நம் புகை நமக்கு நாறுவதில்லை, எப்போதும் பின்னால் நிற்பவருக்குத்தான். வள்ளுவர் வாய்மையைத் தகவல் சரியா தவறா என்று பார்க்காமல், பிறருக்குத் தீங்கு உண்டா என்பதை வைத்தே வரையறுக்கிறார். அந்த அளவுகோலில் இந்தச் சின்னத் துண்டு ஒரு முழுப் பொய்.

இதே துண்டு வேலையைப் பெரிதாகச் செய்தது ஃபோக்ஸ்வாகன். சோதனை நடப்பதை அறிந்து அப்போது மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் காடிகளில் இருந்தது 2015இல் அம்பலமானது. 2017இல் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. அங்கே சம்பளமும் நேரமும் ஆய்வுக்கூடமும் இருந்தன. இல்லாமையால் பிறந்த பொய் அல்ல அது. அந்த நிறுவனத்தையும் நண்பனையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனால் இரண்டு இடத்திலும் சாட்சியின் வாயைத்தான் கட்டினார்கள்.

முடியவில்லை என்பது வேறு, ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு. பணமில்லாதவர் மஞ்சள் விளக்கோடு ஓட்டலாம். விளக்கு எரியும்வரை அது ஒப்புக்கொண்ட கடன். இந்த மாதம் குழாய், அடுத்து சென்சர், போனஸ் வந்தால் கன்வெர்ட்டர். தீராமலே போனாலும் கடன் கடனாகவே கண்முன் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டால் புகை அப்படியேதான் வரும், கணக்குப் புத்தகம் மட்டும் காணாமல் போகும். பிறகு போனஸ் வந்தாலும் எதற்குச் செலவழிப்பது என்று ஞாபகம் இருக்காது.

கண்ணில் அந்த மஞ்சள் வெளிச்சம் உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும். அதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.