வினைமுதல் இல்லாத வாக்கியம்

திருவொற்றியூர்க் கோயிலின் மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார் என்கிறது பெரிய புராணம். அந்தச் சத்தியத்திலும் அவர் ஒரு தந்திரம் செய்யப் பார்த்தார். தான் சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் மகிழடிக்குப் போய்விடவேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு. இறைவனோ சங்கிலியிடம், மகிழடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டான். பிறகு வசந்தம் வந்தது; ஆரூர் நினைவு வந்தது; சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டினார்; இரண்டு கண்களும் போயின.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது அதன் ஒழுங்கு. வாக்குத் தவறியவன் எவனோ அவன் கண்தான் போகிறது. குற்றமும் தண்டனையும் ஒரே உடம்பில் சந்திக்கின்றன. சேக்கிழாரின் உலகத்தில் இது சாத்தியம். நம் உலகத்தில் வாக்குத் தவறுபவர் ஒருவர், கண்ணை இழப்பவர் வேறொருவர். அந்த வேறொருவருக்கு வயது சில வாரங்கள்தான் என்றால் நம் தார்மீகச் சொற்கள் எல்லாம் தடுமாறிப் போகின்றன.

1996 ஆகஸ்ட் 30ந் தேதி எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இருபத்தொன்பதாவது வாரத்துப் பிரசவம்; எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, பிராணவாயு கொடுத்துக் காப்பாற்றினார்கள். செப்டம்பர் 23ந் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் பெற்றோர் பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. நாலரை மாதத்தில் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் வேறொரு டாக்டர் சந்தேகப்பட்டார். அதற்குள் விழித்திரை பிரிந்துவிட்டிருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய், அதன் கடைசிக் கட்டத்தில். அமெரிக்கா வரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை.

நோயின் இயல்பைச் சொல்லிவிட்டால்தான் வழக்கின் நியாயம் புரியும். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்து முடிவது பேறுகாலம் நெருங்கும்போதுதான். முன்னதாகப் பிறந்துவிட்ட குழந்தையின் கண்ணில் அந்த வேலை பாதியில் நிற்கிறது. அதிகப்படியான பிராணவாயு அந்த வளர்ச்சியை இன்னும் நிறுத்தும். பிறகு குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, திரையை இழுத்துப் பிரித்துவிடும். ஆனால் குழந்தை நோயோடு பிறப்பதில்லை. பிறந்து சில வாரங்களில்தான் நோய் தொடங்குகிறது. அந்த வாரங்களில் கண்ணில் மருந்து விட்டு, பாவையை விரித்து, தெரிந்த ஒருவர் பார்த்தால் போதும். கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் தடுக்கலாம். உறைய வைக்கும் சிகிச்சை பயன் தருகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1988லேயே சொல்லியிருந்தது. கதவு திறந்திருப்பது கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளில் கதவு இருப்பதைப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை.

இதைக் கொடுமை என்று சொல்லத் தயங்குகிறேன். இந்த நோயின் சரித்திரமே அன்பு செய்த தீங்கின் சரித்திரம். 1942ல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இதை முதலில் விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகமெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் குருடாயின. இன்குபேட்டரும் பிராணவாயுவும் தாராளமாகக் கிடைத்த வசதியான தேசங்களில்தான் அதிகம். 1951ல் மெல்போர்னில் கேட் காம்ப்பெல் என்ற பெண் மருத்துவர், காரணம் அந்தத் தாராளமே என்று சந்தேகப்பட்டார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் சில குழந்தைகளுக்குப் பிராணவாயுவைக் குறைத்துக் கொடுத்துச் சோதித்தபோது, இரவு நேர நர்சுகள் சிலர் மனசு கேட்காமல் ரகசியமாகக் குழாயைத் திறந்துவிட்டார்களாம். அந்தக் கைகளை என்னவென்று சொல்வது? பிராணவாயுவைக் கண்டிப்பாகக் குறைத்த பின் இன்னொரு கணக்கு வந்தது. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் ஏறக்குறைய 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம் என்று 1973ல் இங்கிலாந்தில் கிராஸ் என்பவர் கணித்தார்.

ஆகவே அறியாமையின் தவறு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முன் நாம் தலைகுனியலாம்; யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் 1996 வேறு. அப்போது தெரிந்திருந்தது. எழும்பூரில் நடந்ததை அறியாமை என்று சொல்லமுடியாது. தெரிந்தது, தெரியவேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை.

மருத்துவமனைத் தரப்பு, டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டியது. அபாய அறிகுறிகள் பற்றித் தெரிவிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. உச்ச நீதிமன்றம் இந்த வரியை ஏற்கவில்லை. கண்ணைப் பற்றிய எச்சரிக்கை அதில் இல்லை. அந்த ஒரு வரியிலிருந்து பெற்றோர் எச்சரிக்கப்பட்டார்கள் என்று ஊகிக்க முடியாது என்றது. ஒரு விமர்சகன் செய்யவேண்டிய வேலையை நீதிபதிகள் செய்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு வாக்கியத்தை நிறுத்தி, உனக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். உள்ளே ஒன்றுமில்லை. யார் தெரிவித்தார்? யாரிடம்? எந்த அபாயம்? நம் இலக்கணக்காரர்கள் ஒரு செயலைச் செய்பவனுக்கு வினைமுதல் என்று பெயர் வைத்தார்கள். செயப்பாட்டு வினையில் வினைமுதலை வாக்கியத்திலிருந்து நழுவவிடலாம், வாக்கியம் விழாது. ஸ்தாபனங்களுக்கு அந்த நடை பிடித்துப்போனது தற்செயல் அல்ல. 'கவனிக்கப்பட்டது', 'ஆவன செய்யப்படும்', 'அறிவுறுத்தப்பட்டது'. நம் இலக்கியக் கட்டுரைகளிலும் இதே வியாதி உண்டு. அங்கே ஒரு கவிஞனின் பெயர் கெடும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் சீட்டில் கண் போகும்.

மறுபக்கத்து வாதத்தையும் அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்ளவேண்டும். 1,250 கிராம் எடையுள்ள உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள். வார்டில் அந்த ஒரு குழந்தை மட்டும் இருக்கவில்லை. இலவச ஆஸ்பத்திரியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எங்கள் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ராயபுரத்து ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த ஆள் ஒருவராவது இல்லாத தெரு இந்தப் பக்கம் அபூர்வம். அங்கே பெற்றுத் திரும்புகிறவர்கள் ஆயா முதல் டாக்டர் வரை எல்லோரையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் கும்பிடு உண்மையானது. உயிரைக் கொடுத்தவரிடம் கண்ணைக் கேட்டு வழக்குப் போடுவதா என்ற கூச்சமும் உண்மையானது.

ஆனால் இந்தக் கூச்சத்தில் ஒரு கணக்குத் தப்பு இருக்கிறது. நான் வங்கிக் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒருவரது கடனை அவரது இருப்பிலிருந்து நேர்செய்வதென்றால், இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டும். ஒருவர் வரவைக் காட்டி இன்னொருவர் பற்றை அடைக்க முடியாது. உயிரைக் காத்தது டாக்டரின் கணக்கில் வரவு, சந்தேகமில்லை. கண் போனது குழந்தையின் கணக்கில் பற்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை அடித்துவிட்டால் புத்தகம் நேராவதுபோல் தோன்றும். நஷ்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். நன்றி என்பது பெற்றோர் தாமாகக் கொடுப்பது. அதை முன்கூட்டியே வசூலித்து, பொறுப்புக்கு எதிராக வைத்துக்கொள்ள யாருக்கும் பாத்தியதை இல்லை.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009ல் ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1ந் தேதி, எதிர்காலச் செலவுக்கு 1 கோடியே 38 லட்சமும், கடந்த கால வைத்தியச் செலவுக்கு 42 லட்சத்துக்கு மேலும் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. விலைவாசி ஏற்றத்தையும் கூட்டிக் கணக்கிட்டார்கள். பெரும் பகுதி அரசின் தலையில். ஒரு சிறு பகுதி டாக்டர்களின் தலையில். இந்தப் பிரிவினையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய தொகை, இது ஓர் ஏற்பாட்டின் தோல்வி என்று சொல்கிறது. கூட்டத்தையும் ஆள் பற்றாக்குறையையும் உண்டாக்கியவர்கள் சீட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர். சிறிய தொகை, ஆனாலும் நீ சூன்யம் அல்ல என்று சொல்கிறது. எல்லாக் குற்றத்தையும் ஒருவர்மேல் போட்டுவிட்டு ஸ்தாபனம் கை கழுவுவது ஒரு பொய் என்றால், எல்லாம் ஸ்தாபனம்தான், தனி மனிதனுக்கு இதில் பங்கே இல்லை என்பது இன்னொரு பொய். இரண்டாவது பொய் கொஞ்சம் முற்போக்காகத் தோற்றமளிப்பதால் நம் போன்றவர்களுக்கு அதிக ஆபத்து.

சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞனுக்குத் தன் நோய் தெரியாது. 2016ல் அவன் கொடுத்த ரத்தத்திலேயே கிருமி தெரிந்திருந்தும் அந்தச் செய்தி அவனைச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்ததும் அவனேதான் ரத்த வங்கிக்குச் சொன்னான். அந்தச் சங்கிலியில் 'நான்' என்ற எழுவாயோடு பேசியவன் அவன் ஒருவன்தான். குற்றமே இல்லாதவனும் அவன்தான். பாரம் தாங்காமல் தற்கொலைக்கு முயன்று டிசம்பர் 30ந் தேதி இறந்துபோனான். அடுத்த ஜனவரியில் பிறந்த குழந்தைக்குக் கிருமி இல்லை என்பதை அவன் அறியவில்லை. வினைமுதல்கள் எல்லாம் மறைந்துகொள்ளும்போது, சுமையெல்லாம் பேசிய ஒருவன்மேல் வந்து விழுகிறது. பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது கருணையும்கூட என்பது இங்கே புரிகிறது.

இதை எழுதக் காரணமான ஒன்றை மறைத்தால் நானும் அந்தச் சீட்டெழுதிய ஆள்தான். எங்கள் கிளைக்கு மகப்பேறு உதவித்தொகை வரவு பார்க்கப் பெண்கள் வருவார்கள். ஒருநாள் ஒரு பெண், கைக்குழந்தையோடு, பாஸ் புத்தகத்தோடு சேர்த்து ஆஸ்பத்திரிச் சீட்டையும் நீட்டி, "இதுல இன்னா சார் எய்திக்குது?" என்று கேட்டாள். குழந்தை மிகச் சிறியதாக இருந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. இங்கிலீஷ் இலக்கியம் படித்தவன் நான். சீட்டின் மேல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கீழ்ப் பாதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். மாலையில் கணக்கு நேரானது. பத்துப் பைசா வித்தியாசமில்லை. அந்தச் சீட்டு எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணும் திரும்பக் கிடைத்தன. நான் அந்த அற்புதத்தை விட்டுவிடுகிறேன். அவருக்கு யாரோடு சண்டை போடவேண்டும் என்று தெரிந்திருந்தது. வழி நெடுகப் பாடிக் கேட்டுக்கொண்டே போனார். எழும்பூர்க் குழந்தையின் தகப்பனார் யாரிடம் கேட்பது என்பதை நிலைநாட்டி முடிப்பதற்குள் குழந்தைக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டது. இப்போது குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை செய்யப்படவேண்டும் என்று விதி இருக்கிறது. நல்லது. 'செய்யப்படவேண்டும்' என்பதைப் படிக்கும் ஒவ்வொருவரும், கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் உட்பட, அதில் தன் பெயரை எழுவாயாக வைத்து ஒருமுறை திருப்பி வாசிக்கவேண்டும். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.