எலியைச் சுடுமுன்

வீட்டுப் புறக்கடையில் எலியும் பெருச்சாளியும் பெருகிவிட்டன, ஏர்கன் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறோம், எது நல்லது? இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டால் அவர் விலைகளைச் சொல்வார். திருவிழாக் கூட்டத்தில் பலூன் சுடும் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால் தம் கைக்குப் பழகிய துப்பாக்கியைச் சொல்வார். பங்குத்தந்தையிடம் இதை யாரும் கேட்பதில்லை. எலியைக் கொன்றதை ஒப்புரவு அருள்சாதனத்தில் அறிக்கையிட வேண்டுமென்று நம்மில் எவரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டுமென்று சொல்ல நானும் வரவில்லை. ஆயினும், கொல்வதென்று முடிவு செய்துவிட்ட ஒருவர், கொல்லப்படும் உயிருக்கு இன்னும் ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா என்ற கேள்வி அந்தக் கொள்முதல் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. கடன்பட்டிருக்கிறார் என்றே நான் எண்ணுகிறேன். அந்தக் கடனைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தீர்க்கத் தொடங்க வேண்டும் என்பதும் என் எண்ணம்.

கொல்லலாமா என்பதில் திருச்சபையின் போதனை தெளிவானது. அதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. படைப்பின் தொடக்கத்தில் மனிதருக்கு உணவாக விதை தரும் செடிகளும் கனி தரும் மரங்களுமே கொடுக்கப்பட்டன என்றும், பெருவெள்ளத்திற்குப் பின்னரே நோவாவின் குடும்பத்தாருக்கு விலங்குகளை உண்ண இசைவு தரப்பட்டது என்றும் தொடக்கநூல் கூறுகிறது. ஆக, கொல்லும் உரிமை ஏதேன் தோட்டத்தில் பிறந்ததன்று. பாவத்தால் காயமுற்ற உலகிற்குப் பின்னர் வந்த சலுகை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனிதரின் உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்றுக்கொள்கிறது. அடுத்த எண்ணிலேயே, தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு முரணானது என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் இதையே மீண்டும் எடுத்துரைத்தது.

எல்லாம் 'தேவை' என்ற ஒரு சொல்லைப் பொறுத்திருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் பரவும் எலிக்காய்ச்சல் ஆளையே கொல்லவல்லது. அரிசி மூட்டையைக் கிழிப்பதும், மின்கம்பியின் உறையைக் கடித்துத் தீ விபத்துக்கு வழிசெய்வதும் எலிதான். குழந்தைகள் தவழும் வீட்டில் இவற்றைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. (குபியோ ஊரின் ஓநாயை அசிசியின் புனித பிரான்சிஸ் சகோதரனாக்கிய கதையைப் பிறர் வீட்டு எலிக்காகச் சொல்வது மிக எளிது.) ஆனால் கொய்யாப் பழத்தைக் கிளி கொத்தியதும், கொத்தமல்லிப் பாத்தியை மயில் கிளறியதும் அந்தச் சொல்லுக்குள் அடங்குமா? ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட்டு, விளைவதை ஏழைகளும் அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகளும் உண்ணட்டும் என்று இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டவர் ஆண்டவர். விடுதலைப் பயணநூலின் இருபத்து மூன்றாம் அதிகாரத்தில் அது உள்ளது. நம் நாட்டிலோ கிளியும் மயிலும் ஆந்தையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அவற்றைச் சுடுவது குற்றமில்லை என்றாகிவிடாது.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. கடைகளில் எளிதாகக் கிடைப்பது இந்த வகையே. குழலை மடக்கும்போது உள்ளே சுருள்வில் இறுகுகிறது. விசையை அழுத்தியதும் வில் விடுபட்டுக் காற்றை நெருக்க, அந்தக் காற்று ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அக்குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் சுமார் 10 ஜூல். பலூனை உடைக்க இது தாராளம். வளர்ந்த பெருச்சாளியைக் கொல்லவோ, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மூளை இருக்கும் அந்தச் சிறிய இடத்தில் பட்டாக வேண்டும். வயிற்றில் பட்டால் அது ஓடும். ஓடி வளைக்குள் புகுந்து, ஓரிரவோ இரண்டு நாள்களோ கழித்துச் சாகும்.

இரக்க குணமுள்ள குடும்பத் தலைவர்தாம் இங்கே எளிதில் தடுமாறுவார். 'எலிதானே, சிறிய துப்பாக்கி போதாதா? பெரியது வாங்கினால் கொடுமைக்காரன் என்பார்களே' என்று அவர் தயங்குவார். அவர் வாங்கும் வலுக்குறைந்த துப்பாக்கி, எலியைக் கொல்லாமல் காயப்படுத்தி அனுப்பும். அவருடைய மென்மைக்கு எலி கொடுக்கும் விலை அது. சட்டம் வகுத்த 20 ஜூல் எல்லை மனிதரைக் காப்பதற்காக வகுக்கப்பட்டது, அது நியாயமானதே. அந்த எல்லைக்குள் நின்றுவிட்டதால் எலிக்கும் நியாயம் செய்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்ளலாகாது.

இங்கிலாந்தில் எலியையும் முயலையும் காட்டுப்புறாவையும் காற்றுத் துப்பாக்கியால் சுடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே சான்றிதழின்றி வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கியின் ஆற்றல் சுமார் 16 ஜூல் மட்டுமே. ஆயினும், எடை கூடிய 5.5 மில்லிமீட்டர் குண்டைப் பலர் விரும்புகின்றனர். நம் நாட்டில் அந்த விட்டத்துக்கு உரிமம் வேண்டும். அவர்களிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு நாணயத்தின் அளவுக்கு அட்டையில் வட்டம் வரைகிறார்கள். எத்தனை அடி தொலைவிலிருந்து சுட்டால் எல்லாக் குண்டுகளும் அந்த வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதுவே அந்த மனிதருக்கு எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் உயிரை நோக்கி அவர் துப்பாக்கியை உயர்த்துவதில்லை. இதை நான் ஓர் ஆன்மச் சோதனையாகவே காண்கிறேன். நம் திறமையைப் பற்றி நாம் கொண்டுள்ள நினைப்பை அட்டை பொருட்படுத்துவதில்லை. பத்து மீட்டர் பந்தயத்தில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அப்படிப்பட்ட இலக்கில்தான். அந்தத் திறமை நமக்கு வேண்டியதில்லை; எலியின் தலையளவுக்கேனும் குறி தவறாதிருக்க வேண்டும்.

சுருள்வில் துப்பாக்கி சுடும் நொடியில் துள்ளும். இறுகப் பிடித்தால் இன்னும் குறி தவறும். காற்றை முன்னதாகவே அடைத்து வைத்துக்கொள்ளும் வகை துள்ளாது, குறி நிற்கும், ஆனால் விலை பல மடங்கு. துடிக்காமல் கொல்லும் கருவிக்குப் பணம் கூடுதலாகத்தான் ஆகிறது. அந்தப் பணமில்லாதவர் அட்டையின்மேல் பல மாலைப்பொழுதுகளைச் செலவிட வேண்டும். இரண்டுக்கும் மனமில்லாதவர் துப்பாக்கியை வாங்காமலிருப்பதே முறை.

எலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. ஈயக் குண்டு சிமெண்டுச் சுவரில் பட்டுத் தெறிக்கும். எலியைத் தவறவிட்டால் நெடுந்தொலைவு செல்லும். மூன்று சென்ட் மனையில், நான்கடிக்கு அப்பால் அண்டை வீட்டுக் குழந்தைகள் விளையாடும் இடத்தில், எலியைத் துடிக்காமல் கொல்லும் அளவுக்கு வலுவான துப்பாக்கி அந்தக் குழந்தையின் கண்ணுக்கும் வலுவானதே. நகர்ப்புறத்து மனைகளுக்கு ஏற்ற காற்றுத் துப்பாக்கி எது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதே என் விடை. முதுகெலும்பை ஒரே அடியில் முறிக்கும் பழைய எலிப்பொறி, பெரும்பாலான வீடுகளில் அதைவிட நேர்மையான கருவி.

ஆயினும் துப்பாக்கியின் சார்பில் ஒன்று சொல்லியாக வேண்டும். துப்பாக்கி என்றதும் முகம் சுளிக்கும் நல்லவர்கள் பலர் சமையலறையில் பசை அட்டை வைக்கிறார்கள். அதில் ஒட்டிய எலி உயிரோடு, தோல் கிழியத் திமிறி, தாகத்தாலும் களைப்பாலும் சாகிறது. சாகுமுன்பே குப்பைத் தொட்டிக்குப் போவதும் உண்டு. இந்திய மாநிலங்கள் பல இவ்வட்டைக்குத் தடை விதித்தது சரியே. புரோமடியோலோன் போன்ற நச்சு மருந்து கலந்த வில்லைகளோ இரத்தம் உறைவதைத் தடுக்கின்றன; அவற்றைத் தின்ற எலி உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, சில நாள்களில் சாகிறது. அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் நஞ்சு போய்ச் சேர்கிறது. வயலிலும் தோட்டத்திலும் எலியைக் கட்டுப்படுத்த இறைவன் வைத்த காவலன் அந்தக் கூகைதான். இந்த இரண்டு முறைகளிலும் கொல்பவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். துப்பாக்கி பிடித்தவர் விழித்திருக்கிறார். தாம் செய்வதைத் தம் கண்ணால் காண்கிறார். அறநெறிப்படி இது சிறிய வேறுபாடன்று.

காண்பது சுவையாகவும் மாறக்கூடும். விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பது அக்குவினா நகர் புனித தோமாவின் கருத்து. அவர் விலங்கின் துன்பத்தைவிட மனிதனின் சீரழிவையே எண்ணினார். அது போதாது என்று எனக்குத் தோன்றினாலும், துப்பாக்கியைப் பொறுத்தவரை அவர் எச்சரிக்கை பொருந்துகிறது. எலிக்கென்று வாங்கிய துப்பாக்கிக்குப் பகலில் வேலையில்லை. எலியோ இரவில்தான் வரும். பகலில் மரத்தில் குருவி இருக்கிறது. பறவையியல் அறிஞர் சலீம் அலி சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியது மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றை. அது என்ன பறவை என்றறிய அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியதால் நாட்டுக்கு ஓர் அறிஞர் கிடைத்தார். 1985-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, ஒரு சிட்டின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பையே அவர் வைத்தார். நம் தந்தைக்குத் தெரியாமல் ஒரு குருவியும் தரையில் விழுவதில்லை என்று ஆண்டவர் கூறியதை நினைக்காமல் அத்தலைப்பை வாசிக்க முடியாது. ஆனால் வீழ்த்திய குருவியைக் கையிலேந்தி, 'இது என்ன?' என்று கேட்கும் சிறுவர்கள் அரியவர்கள். அருணாசலப் பிரதேசத்தில் காடுகளில் பறவைகளின் குரல் குறைந்துபோன நிலையில், 2021-இல் அரசு விடுத்த அழைப்பை ஏற்று ஊர் மக்கள் தங்கள் காற்றுத் துப்பாக்கிகளைத் தாங்களே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம்; தாயைப் போகவிட வேண்டும். அப்படிச் செய்பவருக்கு நீண்ட வாழ்நாள் வாக்களிக்கப்படுகிறது. தாய் தந்தையரை மதிப்பவருக்கு அளிக்கப்பட்ட அதே வாக்குறுதி! எடுப்பதற்கு இசைவு தரும் இடத்திலேயே எடுக்கும் முறைக்கு இறைவன் வரம்பு கட்டுகிறார். இருளில் டார்ச் ஒளியில் நிற்கும் எலி, வளையில் குட்டிகளை விட்டுவந்த தாயா என்பதை யாராலும் அறிய முடியாது. ஆகவே துப்பாக்கிக்கு முன்னால் செய்ய வேண்டியவை பல. கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பி வலை, அரிசிக்கு மூடியுள்ள தகரப் பீப்பாய், கோழித் தீவனத்தை இரவில் உள்ளே எடுத்து வைப்பது, சுவரோரத்து விறகுக் குவியலை அகற்றுவது. தீனியும் மறைவிடமும் இருக்கும்வரை, சுட்ட எலியின் இடத்துக்கு வேறு எலி வரும். சங்க காலத்துத் தினைப்புனங்களில் பெண்கள் பரணில் அமர்ந்து, தட்டையும் குளிரும் கொண்டு ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டினார்கள். அவர்களும் பயிரைக் காத்தவர்களே.

இவையெல்லாம் செய்தும் தீராமல், பின்னால் மண்மேடு உள்ள அகன்ற தோப்பில் ஒருவர் துப்பாக்கி வாங்கினால் அவரைக் குறைகூற மாட்டேன். அவர் அதைப் பூட்டி வைக்க வேண்டும். குண்டுகளை வேறிடத்தில் வைக்க வேண்டும். பதினான்கு வயது மகன் கேட்டால், முதலில் அட்டையையும் நாணயத்தையும் கொடுக்க வேண்டும். என்றாவது ஒரு நாள் மகன் சுடும்போது தந்தை அருகிலிருக்க வேண்டும். அடிபட்ட எலி வளைக்குள் புகுந்துவிட்டால், நள்ளிரவானாலும் கையுறை அணிந்து, மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, அதைக் கண்டு முடிக்கும்வரை இருவரும் அந்த வளையைத் தோண்ட வேண்டும்.