கூலி கொடுத்தால் கடமை தீருமா?

பொருள் கொடுத்து ஒருவரிடம் பணி பெறுகிறோம். பேசிய தொகையைக் குறைவின்றி அளித்துவிடுகிறோம். அத்துடன் அவர்பால் நமக்குரிய கடமை முடிந்துவிடுகிறதா? நாம் பலமுறை கேட்டும் படித்தும் பழகிய வினாதான் இது. ஆயினும், ஒரு நாள் பயணத்திற்கு நாங்கள் அமர்த்திய கார் ஓட்டுநர் ஒருவரே இதன் கனத்தை எங்களுக்கு உணர்த்தினார்.

நாங்கள் நால்வர், எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள். இருவர் பாகூரிலும் இருவர் வில்லியனூரிலும் வாழ்கிறோம். ஆசிரியப் பயிற்சிக் காலம் முதல் தோழியர். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழகத்திற்கு உரியது செஞ்சிக் கோட்டை ஒன்றே. அச்செய்தியைப் படித்தபின், கோட்டையையும் அதன் அருகிலுள்ள திருநாதர் குன்றையும் மீண்டும் ஒருமுறை காண விழைந்தோம். புதுச்சேரியிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 70 கி.மீ. பேருந்து மாறி ஏற எங்கள் முழங்கால்கள் இடம் தரவில்லை. ஆதலின் ஓட்டுநரோடு கார் ஒன்றை நாள் வாடகைக்கு அமர்த்தினோம். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, இடங்கள் இரண்டு, வாடகை இவ்வளவு, ஓட்டுநர் படி இவ்வளவு என்று பேசி முடித்தோம்.

ஓட்டுநர் இளைஞர், அமைதியானவர். பாகூரில் இருவரை ஏற்றிக்கொண்டு, வில்லியனூரில் மற்ற இருவரையும் ஏற்றி, திண்டிவனம் வழியாகச் செஞ்சி சேர்த்தார். முதலில் திருநாதர் குன்று. "தம்பி, பைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வண்டியை விட்டு நகர வேண்டாம். அரைமணியில் வந்துவிடுகிறோம்" என்று கூறி மேலேறினோம். திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அக்குன்றின் சிறப்பை அன்பர்கள் அறிவர். ஒரே பாறையில் வரிசைக்கு 12 ஆக இரு வரிசைகளில் 24 தீர்த்தங்கரரும் வீற்றிருக்கின்றனர். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கே உள்ளது. பழமையான தமிழ்க் கல்வெட்டுகளுள் வைத்து அறிஞர் போற்றும் கல்வெட்டு அது. 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரகரின் நினைவும் அங்குக் கல்லில் நிற்கிறது. அக்கல்லின் முன் நாங்கள் கண்ணீர் மல்க நின்றோம்.

பின்னர்க் கோட்டை. அங்கும் ஓட்டுநருக்கு அதே சொல்: "இங்கேயே இருங்கள்." கல்யாண மகாலையும் பெரிய நெற்களஞ்சியங்களையும் சுற்றிப் பார்த்தோம். 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகையை 1698 வரை தாங்கிய கோட்டையல்லவா இது! முற்றுகை என்பதே உள்ளிருப்போரின் உணவை மறிப்பதுதான் என்று எங்களுள் வரலாறு கற்பித்தவர் விளக்கினார். அவ்விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே, மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டோம்.

பிற்பகலில் ஆசை வளர்ந்தது. "இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம்; மேல்சித்தாமூரையும் தரிசித்துவிடலாமே" என்றோம். பேச்சில் இல்லாத இடம் அது. ஓட்டுநர் மறுக்கவில்லை. மல்லிநாதரையும் பார்சுவநாதரையும் வணங்கினோம். பொழுது சாயுமுன் உண்ணவேண்டும் என்னும் நியமப்படி எஞ்சிய பலகாரத்தை உண்டு நீர் அருந்தினோம். அவ்வேளையில் அவர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டியபின் திரும்பினோம். வில்லியனூரை நெருங்கும்போது கார் மெல்லச் சாலையை விட்டு மண்ணில் இறங்கியது. எதிரே ஒரு புளியமரம். அவர் திடுக்கிட்டு வண்டியை நிறுத்தினார். இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்து, "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. காலையில ஒரு டீ குடிச்சதுதான். கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருச்சு" என்றார்.

"ஏன் தம்பி சாப்பிடப் போகவில்லை?"

"நீங்கதான் வண்டியை விட்டு நகர வேணாம்னு சொன்னீங்களே."

எங்களுள் ஒருவரும் அதன்பின் பேசவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறித்தல். இவற்றை மாட்டுக்கும் வண்டிக்காளைக்கும் உரியனவாகவே நாம் படித்து வந்தோம். நம் வீட்டில் மாடு இல்லை. ஆதலின் இக்குற்றமும் இல்லை என்று நிறைவடைந்தோம். அன்றோ, ஒரே பகலில் இரண்டு குற்றங்களைச் செய்து முடித்திருந்தோம். பேச்சில் இல்லாத ஊரையும் இரவையும் அவர்மேல் ஏற்றினோம், அது மிகைச்சுமை. 'நகர வேண்டாம்' என்றோம். அதனால் அவருடைய உணவை மறித்தோம். அன்னத்தைக் கையிலிருந்து பறித்தால்தான் மறித்தல் என்பதில்லை. உண்ணப் போகும் வழியை ஒரு சொல்லால் அடைத்தாலும் அது மறித்தலே.

சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்தார். அது தாமே மேற்கொண்ட தவம். குன்றின் அடிவாரத்தில் ஒருவர் உண்ணாதிருந்தார். அது நாங்கள் சுமத்திய பட்டினி. உண்ணாமை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முன்னதை வணங்கச் சென்ற நாங்களே பின்னதற்குக் காரணமாயினோம்.

"பசித்தால் அவர் கேட்டிருக்கலாமே" என்று சிலர் கூறலாம். பள்ளியில் பல்லாண்டு பணியாற்றிய நாங்கள் அறிவோம்: தாகமெடுத்த குழந்தைகள் அனைவரும் கை உயர்த்துவதில்லை; ஆசிரியையின் முகத்தைப் பார்த்தே அடங்கிவிடுவோர் பலர். அடுத்த வாடகைக்கும் நம்மையே நம்பியிருப்பவர், "எனக்குப் பசிக்கிறது" என்று கூற எளிதில் துணியார். "அதற்குத்தானே படி" எனலாம். படியைப் பயணம் முடிந்தபின் கொடுக்கிறோம். பசியோ நண்பகலில் வருகிறது.

சட்டமும் இதனை எண்ணியதுண்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்திற்குள் அரைமணி ஓய்வு வேண்டும் என்றும் வகுத்தது. ஆயினும் அது ஐவரேனும் பணிபுரியும் நிறுவனங்களையே கருதி இயற்றப்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பேருந்து, சரக்குந்து ஓட்டுநர்கள் 4½ மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இளைப்பாற வேண்டும் என்பது விதி. ஊரில் ஒரு காரை வைத்துப் பிழைப்பவரைக் கண்காணிக்க எவர் வருவார்? அங்கே சட்டத்தின் இடத்தில் இருக்கவேண்டியது அமர்த்தியவரின் மனச்சான்றே.

இன்னொரு தயக்கமும் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. நாம் கொடுக்கும் பணத்தில் அவர் ஊன் உண்டால், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் உடன்படுதல் நம்மைச் சேராதா என்று எங்களுள் ஒருவர் வினவினார். நெடுநேரம் வாதித்தோம். படி என்பது அவருடைய உழைப்பின் ஊதியம். அதனை எவ்வாறு செலவிடுவது என்பது அவர் உரிமை. நம் நோன்பு நம்மைக் கட்டுவது. பிறரைப் பட்டினி போடுவதற்குச் சாக்காகாது. தயக்கம் தீராதவர்க்கு எளிய வழி ஒன்றுண்டு: கட்டுச்சோற்றில் ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டுவது. நால்வருக்குப் புளிச்சோறு கிளறியவர்களுக்கு ஐந்தாமவருக்குக் கிளறுவது பாரமாகுமா?

பயிற்சிப் பள்ளியில் கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டம் எழுதப் பழக்கினர். நாங்கள் எழுதிய திட்டத்தின் ஓரத்தில், 'வண்டியோட்டி எங்கே உண்பார்?' என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பித் தந்தார் எங்கள் ஆசிரியை. ஐம்பதாண்டுக்கு முன் கற்ற அப்பாடத்தைச் செஞ்சியில் மறந்தோம்.

அன்றிரவு வில்லியனூரில் முதலில் அவரை உண்ணச் செய்தோம். மிகைநேரத்திற்கு உரியதையும் கணக்கிட்டுக் கொடுத்தோம். அதனால் அப்பகல் திரும்பி வந்துவிடவில்லை. இப்பொழுது எங்கு சென்றாலும் படியைக் காலையிலேயே கொடுத்துவிடுகிறோம். பைகளை எங்களுடன் எடுத்துச் செல்கிறோம். திரும்பும் நேரத்தை மெய்யாகச் சொல்கிறோம். பேசாத ஊரைச் சேர்ப்பதாயின் முதலில் அவர் இசைவைக் கேட்கிறோம்.

அடுத்த மாதம் அதே தம்பியின் காரில் செல்ல இருக்கிறோம். ஐந்து பேருக்குச் சோறு கட்டவேண்டும்.